குனிந்த தலை நிமிராமல்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் விழுப்புரம் வந்தால் இளவரசியையே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு எதிர்வீட்டுக்காரி. பொய் சொல்லத் தெரியாதவள். தெரிந்திருந்தால் மாமியாரோடு இத்தனை வருஷம் சண்டை போட்டிருக்க மாட்டாள். அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். கூட்டியது ஒன்றுமில்லை.

இதில் நடுராத்திரி கிடையாது. ஊளையிடும் நாய், தானாகத் திறக்கும் கதவு, ஒன்றும் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, பங்குனி வெயிலில், பக்கத்து வீட்டு டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோது. பேய்க்குப் பயப்படாதவன் என்று தெருவில் பேர் எடுத்தவன் நான். இதைக் கேட்ட பிறகு அந்தப் பேரை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இளவரசிக்கு நாற்பத்தெட்டு வயது. சின்ன வயதிலிருந்தே சோடாப்புட்டிக் கண்ணாடி. வலது கண் பேருக்குத்தான். ஒரு முழத்துக்குள் இருந்தால் தெரியும், அதற்கு அப்பால் எல்லாம் புகை. இடது கண்ணை நம்பித்தான் அவள் அரிசியில் கல் பொறுக்கியதும், மகள் கலைமதியைப் படிக்க வைக்க ஊரார் ரவிக்கையெல்லாம் தைத்ததும். போன பங்குனியில் அந்த இடது கண்ணில் ஒரு கொசு பறந்தது. கையை வீசி அடித்துப் பார்த்தாள். கொசு கண்ணுக்குள் இருந்தது. அப்புறம் ஓரத்தில் மின்னல் வெட்டியது. அப்புறம் கீழேயிருந்து ஒரு கறுப்புத் திரை மெல்ல மேலே ஏறியது.

புதுச்சேரி கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்ததும் உட்கார வைத்துவிட்டார். உள்ளே விழித்திரை கழன்று வருகிறது, சுவரில் ஒட்டிய காகிதம் உரிவது மாதிரி. திங்கள்கிழமையே ஆபரேஷன். தள்ளிப்போட்டால் கண் போனது போனதுதான்.

சர்க்கரை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அப்புறம் பல நாள் தலைக்கு ஊற்றக் கூடாது என்பதால் ஞாயிற்றுக்கிழமையே தலைக்குக் குளித்தாள். கல்யாணத்துக்கு முன்பு போட்ட மூக்குத்தி, தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகியும் வர மாட்டேன் என்றது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா போன் செய்தாள்.

அக்கா கோவிந்தம்மாள். திண்டிவனம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். சொந்த நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பயிர். இளவரசிக்கு ஆறு வயதில் அம்மா போய்விட, அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இந்த அக்காதான். குரல் அப்படி ஒரு குரல். அவள் பேசினால் போனே தேவையில்லை, திண்டிவனத்திலிருந்து நேராகவே கேட்கும் என்பார் இளவரசியின் வீட்டுக்காரர் கோகுலகிருஷ்ணன்.

“பயப்படாதடி. நான் வந்து கூட இருக்கறேன். நானே மருந்து உடறேன்.”

“உனக்கு மல்லாட்ட பிடுங்கற வேலை இருக்குதேக்கா.”

“மல்லாட்ட எங்க ஓடிடப் போவுது? நீ ஆபரேஷன முடிச்சிக்கினு வா. புதன்கிழமை மத்தியானம் நான் அங்க இருப்பேன்.”

“கண்டிப்பா வருவியா?”

“இன்னாடி இது, நான் சொன்னா சொன்னதுதான். எப்பாடு பட்டாவது வந்துருவேன்.”

வர்றேண்டி, வர்றேண்டி, வர்றேண்டி என்று மூன்று முறை சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் வழக்கம்போல அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் போனை வைத்தாள். அவள் விடைபெறுவது எப்போதும் அப்படித்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். கண்ணுக்குள் காஸ் அடைத்திருக்கிறார்கள். அந்தக் குமிழி மேலே மிதந்து போய் விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு இவள் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். உட்கார்ந்தாலும் குனிந்து, நடந்தாலும் குனிந்து, தூங்கினாலும் குப்புற. பத்து நாள். நடுவில் நிமிர்ந்தால் குமிழி முன்னால் வந்துவிடும், ஒட்டியது பிரிந்துவிடும். தும்மக் கூடாது, முக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. அழக் கூடாது என்று நர்ஸ் சொன்னாளா, கோகுலகிருஷ்ணன் தானே சேர்த்துக்கொண்டாரா தெரியாது. வீட்டுக்கு வரும்போது அதுவும் சட்டமாகிவிட்டது.

கல்யாண மேடையில்கூட விறைப்பாக நிமிர்ந்து நின்ற இளவரசி, நாற்பத்தெட்டு வயதில் குனிந்த தலை நிமிராத பெண்ணானாள். நாங்கள் கேலி செய்தோம். அவளும் தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

கோகுலகிருஷ்ணன் பஸ் கண்டக்டர். கை வேலையும் தெரியும். தாழ்வான ஒரு நாடாக் கட்டிலில் தலைமாட்டில் நாடாவை விலக்கி, முகம் புதைய ஒரு ஓட்டை செய்தார். விளிம்பு கன்னத்தை அறுத்தது. விஷயம் அக்கா காதுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே திண்டிவனம் பஸ்ஸில், கோகுலகிருஷ்ணனுக்குத் தெரிந்த டிரைவர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பிவிட்டாள். உள்ளே ஒரு சும்மாடு. தலைச்சுமை தூக்கும்போது வைத்துக்கொள்வார்களே, அதுதான். தன் பழைய நூல் சேலையைச் சுருட்டி முறுக்கி, முகத்தின் அளவுக்கு அகலமாகச் செய்திருந்தாள். இளவரசி அதில் முகம் வைத்துப் படுத்தாள். அக்கா மடியில் கிடப்பது மாதிரி இருந்ததாம்.

அந்த ஓட்டை வழியாக அவளுக்குத் தெரிந்தது தரை மட்டும்தான். சிவப்பு சிமெண்டுத் தரை. கட்டிலருகே வருகிறவர்களின் கால். ஒரே நாளில் அவளுக்குக் காலே முகமாகிவிட்டது. வெடித்த குதிகால் வீட்டுக்காரர். நகப்பூச்சு உரிந்த கால் கலைமதி. ஆறாவது விரல் இருப்பது நான். அதை வைத்து இன்றைக்கும் கேலி செய்கிறாள்.

புதன்கிழமை விடியும் நேரம். கோகுலகிருஷ்ணனின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வர வெகு நேரமாயிற்று.

“இன்னாங்க, யாரு போன்ல?”

“டிப்போலேர்ந்து. டூட்டி மாத்திட்டானுங்க. இன்னிக்கிப் போயே ஆவணும்.”

“லீவு போட்டுக்கினீங்களே. பேஜாரு புடிச்ச டிப்போ.”

வெடித்த குதிகால் அங்கேயே நின்றது. பிறகு அவள் தலைமுடியை ஒருமுறை தடவிக் கொடுத்தார். இருபத்தைந்து வருஷத்தில் அப்படி ஒன்றை அவர் செய்ததே இல்லை. ஆபரேஷன் செய்துகொண்டால் நல்ல மரியாதைதான் என்று இளவரசி நினைத்துக்கொண்டாள்.

அன்று காலை கலைமதி அடுக்களையில் மிக்ஸியை ஓட விட்டாள். நெடுநேரம் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. இட்லியோடு சட்னி வரவில்லை, வெறும் பொடிதான் வந்தது. “மிக்ஸியில இன்னாடி அரைச்ச?” என்று கேட்டாள் இளவரசி. கலைமதிக்கு ஜலதோஷம் பிடித்தவள் மாதிரி குரல். “ஒண்ணுமில்லம்மா.”

மத்தியானம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, அவள் பின்கட்டுக்குப் போனாள். இளவரசி குப்புறக் கிடந்தாள். மின்விசிறி சுற்றியது. வெயில் சன்னல் வழியாகத் தரையில் கட்டம் போட்டிருந்தது. பக்கத்து வீட்டு சீரியலின் மூன்று மணிப் பாட்டு கேட்டது.

அப்போது வாசனை வந்தது. முதலில் ஊதுபத்தி. அதற்குள்ளேயே மரிக்கொழுந்து.

யாரும் நடந்து வந்த சத்தம் இல்லை. ஆனால் தலைமாட்டுக்குச் சற்றுத் தள்ளி, அந்த வெயில் கட்டத்தின் நடுவில், இரண்டு கால்கள் நின்றன.

தூரம் அதிகம். அந்த வலது கண்ணுக்குப் புகையாகத்தான் தெரிந்தது. மஞ்சள் பூசிய கால்கள். அதன் மேல் சிவப்புக் கரை, மடிப்புக் கலையாத புதுச்சேலை. பக்கத்தில் பக்கத்தில், ஒட்டினாற்போல் நின்றன.

“அக்காவா?”

“...ம்.”

இளவரசிக்குப் பொங்கி வந்த சந்தோஷத்தில் நிமிர்ந்துவிடப் பார்த்தாள். சும்மாட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“சொன்ன மாதிரியே வந்துட்டியே. பஸ்லயா வந்த?”

“ம்.”

“இன்னாக்கா புதுச்சேலை? ஏதாச்சும் கல்யாணமா?”

“...ம்.”

“தொண்டை கட்டிக்கினுதா?”

“ம்.”

ஊர் கூட்டுகிற குரல், வாய் திறக்காமல் ம் மட்டும் சொன்னது. பாவம், பனிக்கட்டி போட்ட கரும்புச்சாறு குடித்திருப்பாள், அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்தாள் இளவரசி. தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். ஊசி குத்தினது, கண்ணுக்குள் குமிழி ஆடுவது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துப் பார்த்தால் கால்களைக் காணோம்.

போகும்போது வர்றேண்டி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று முறை சொல்லுகிறவள், ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

கால் நின்ற இடத்தில் தரை ஈரமாக இருந்தது.

கலைமதி வந்ததும் கேட்டாள். “பெரியம்மா எங்கடி? அடுக்களையிலயா இருக்குது?”

கலைமதி கையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. டீ தரையில் ஓடியது. அவள் துடைக்கவில்லை. நகப்பூச்சு உரிந்த கால் அசையாமல் நின்றது.

“யாரு... வந்தாங்க?”

“பெரியம்மாடி. இப்ப எங்கிட்ட பேசிக்கினு இருந்துதே. நீதான கதவத் தொறந்து உட்ட?”

“ஆமாம்மா. வந்தாங்க. அவசரமா... போயிட்டாங்க.”

“ஒரு வாய் சோறுகூடத் திங்காமயா?”

மிக்ஸி மறுபடி ஓட ஆரம்பித்தது.

இருட்டும் நேரத்தில் கோகுலகிருஷ்ணன் வந்தார். நேராக வீட்டுக்குள் வரவில்லை. வெளிக் குழாயடியில் உடுத்திய துணியோடு குளிக்கும் சத்தம் கேட்டது. டூட்டி முடிந்து வந்தால் முதலில் டீ கேட்கிற மனுஷர்.

வியாழக்கிழமையும் அவருக்கு டூட்டி. வியாழக்கிழமையும் மூன்று மணிப் பாட்டு. வியாழக்கிழமையும் அந்த மரிக்கொழுந்து வாசனை.

இந்த முறை கால்கள் கிட்டத்தில் இருந்தன. கட்டிலின் தலைப்பக்கச் சட்டத்துக்கு வெளியே, ஒரு முழத் தூரம்.

அக்கா கால்தான். சந்தேகமே இல்லை. இடது பாதத்தின் மேல் களைக்கொட்டு பட்ட பழைய தழும்பு. அந்தக் காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டியதே சின்ன வயது இளவரசிதான். ஆனால் மஞ்சளுக்கு அடியில் தோல் வெளிறிப் போயிருந்தது. நகம் நீலமாக இருந்தது. பாதத்தில் தண்ணீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது, பிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சொம்பில் பூக்குமே, அந்த மாதிரி.

வெளியே பங்குனி வெயில் கொளுத்துகிறது. இளவரசியின் முகத்தில் குளிர் அடித்தது.

“இன்னாக்கா... காலு இப்டி ஜில்லுன்னு கீது?”

“ம்.”

பெருவிரலில் ஏதோ வெள்ளையாகச் சுற்றியிருந்தது. துணி.

“அடி பட்டுக்கினியா?”

“...ம்.”

பாவம், கல் இடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். அப்புறம்தான் கவனித்தாள். வலது பெருவிரலிலும் துணி. இடது பெருவிரலிலும் துணி.

அக்கா வந்ததிலிருந்து ஒரு காலைக்கூட நகர்த்தவில்லை. மனுஷர்கள் நின்றால் ஒரு காலில் பாரம் போட்டு மறு காலை மாற்றுவார்கள். இந்தக் கால்கள் மாற்றவே இல்லை. நட்டு வைத்தது மாதிரி நின்றன.

முதல் முறையாக இளவரசிக்குப் பயம் வந்தது.

முகத்தைப் பார்த்துவிட்டால் போதும். ஒரே ஒரு நொடி. அக்கா முகத்தைப் பார்த்துவிட்டால் இந்தப் பயம் போய்விடும். டாக்டர் சொன்னது, குமிழி, கண், எல்லாம் அந்த நொடியில் மறந்துவிட்டது. சும்மாட்டிலிருந்து முகத்தை எடுத்தாள். கழுத்தை உயர்த்தினாள்...

பின்தலையில் ஒரு கை.

குளிர்ந்த கை. அழுத்தியது. மெதுவாக, ஆனால் விடாமல், முகம் மறுபடி சும்மாட்டில் புதைகிற வரைக்கும் அழுத்தியது.

“ம்ஹும்.”

சின்ன வயதில் பேன் பார்க்கும்போது தலையைத் தூக்கினால், அக்கா இப்படித்தான் அமுக்குவாள். அதே அமுக்கல்.

கையை எடுத்த பிறகும் அந்த இடம் விறைத்துப்போய் இருந்தது. கண்ணைத் திறந்தபோது தரையில் இரண்டு ஈரத் தடம் மட்டும். அன்றும் சொல்லிக்கொள்ளாமல்தான் போயிருந்தாள். அப்படிச் சொல்லாமல் போவது எந்த வீட்டிலிருந்து என்று இளவரசிக்குத் தெரியும். நம் எல்லோருக்கும் தெரியும். சாவு வீட்டிலிருந்துதான் யாரும் வர்றேன் என்று சொல்லாமல் கிளம்புவார்கள்.

அந்த நினைப்பை அவள் அதற்கு மேல் போக விடவில்லை. கலைமதியைக் கூப்பிட்டாள். “பெரியம்மா கதவத் தட்டுனா நீ கூடவே வாடி.”



வெள்ளிக்கிழமை.

மருந்து விட்டாயிற்று. மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டு டிவியும் நின்றது. அன்று மூன்று மணிப் பாட்டு இல்லை.

வாசனை மட்டும் வந்தது. முந்தின இரண்டு நாளைவிட அதிகமாக. மரிக்கொழுந்து, சாமந்தி, பன்னீர். அதற்கு அடியில் வேறு ஏதோ.

இளவரசி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சொட்.

தண்ணீர் சொட்டும் சத்தம்.

சொட்.

கட்டிலுக்கு அடியில்.

கண்ணைத் திறந்தாள்.

கால்கள் அவள் முகத்துக்கு நேர் கீழே இருந்தன. ஒரு சாண். அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் ஒரு ஆள் நிற்க முடியாது. ஆனாலும் நின்றன.

இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு விரலுக்கும் இரண்டு துணி இல்லை. ஒரே துணி. வேட்டியில் கிழித்த ஒரு துண்டு. பச்சைக் கரை. இரண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்டியிருந்தது. ரெண்டு முடிச்சு. விரல்கள் இறுகி, வீங்கிக் கறுத்துப் போயிருந்தன.



“அக்கா...”

“ம்.”

“வலிக்குதாக்கா?”



“...ம்ம்.”

அந்த ம்-இல் அழுகை இருந்தது. அதுதான் இளவரசியை உடைத்தது. பயம் இருந்தது. இருந்தாலும் வலிக்கிறது என்கிறாள். தூக்கி வளர்த்தவள்.

கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டாள். அடியில் நீட்டினாள். விரல் பட்டது. பனிக்கட்டி. எடுத்துவிடவில்லை. முதல் முடிச்சில் நகத்தை நுழைத்தாள். ஈரத்தில் முடிச்சு இறுகிக் கிடந்தது. வரவில்லை. திருகினாள்...

வந்தது.

இரண்டாவது முடிச்சு.

வந்தது.

துணி கையோடு வந்துவிட்டது.

பின்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. ஜில்லென்று. கட்டிலுக்கு அடியில் நிற்கிறவள் மேலேயிருந்து எப்படி...

இளவரசி நிமிரவில்லை.

மூன்று நாளில் முதல் தடவையாக, ஒரு கால் அசைந்தது.

வலது கால். முன்னால்.

பிறகு இடது கால்.

நடந்து போயிற்று.

கரண்ட் வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பத்து நாளில் அக்கா வரவில்லை. நாலாம் நாள் கேட்டாள், ஐந்தாம் நாள் கேட்டாள். மல்லாட்டை பிடுங்குகிறார்கள் என்றார் கோகுலகிருஷ்ணன். போன் போட்டுக் கொடுங்கள் என்றால் டவர் இல்லை என்றார். கழற்றிய அந்தத் துணியை இளவரசி சும்மாட்டின் சுருளுக்குள் சொருகி வைத்திருந்தாள். அதை அவள் எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்துப் பார்த்து அது அங்கே இல்லையென்றாலும் பயம், இருந்தாலும் பயம்.

பத்து நாளும் முடிந்து, மேலும் இரண்டு நாள் கழித்துப் புதுச்சேரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் விளக்கைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். “அருமையா ஒட்டிக்கிச்சும்மா. நீங்க ஒரு தடவைகூட நிமிரலை போலிருக்கு. இனிமே நிமிர்ந்து உட்காருங்க.”

நிமிர்ந்தாள். குமிழி சிறுத்துக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே உலகம் தெரிந்தது. முதலில் தெரிந்தது கலைமதியின் முகம். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

கார் விழுப்புரம் பக்கம் திரும்பவில்லை. சாலையோரப் பச்சைப் பலகை வந்தது. மீண்ட கண்ணால் அவள் படித்த முதல் எழுத்து அதுதான். திண்டிவனம்.

“அக்கா வூட்டுக்கா போறோம்?”

கோகுலகிருஷ்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கலைமதிதான் சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“அழுதா கண்ணு போயிரும்னுதாம்மா சொல்லல. பெரியம்மா... நீ ஆபரேஷன் பண்ணிக்கினு வந்த மறுநா, புதன்கிழமை விடிய, தூக்கத்துலயே போயிட்டாங்க. ஹார்ட்டாம்.”

கலைமதி அவள் கையை விடாமல் மேலே சொன்னாள்.

“நீ வந்தாங்கன்னு சொல்லும்போதெல்லாம் மருந்து மயக்கம்னு நெனச்சோம். நானும் ஆமான்னு சொல்லி வச்சேன். ஆனா வெள்ளிக்கிழமை மருந்து பாட்டில எடுக்க வந்தேம்மா. வாசப்படியிலேர்ந்து பாத்தேன். நீ கையக் கீழ தொங்க உட்டுக்கினு இருந்த. உன் வெரல்... வெறுங்காத்துல முடிச்சு அவுத்துக்கினு இருந்துது.”

அக்கா வீட்டில் மறுநாள் காரியம். மாலை போட்ட படத்தின் முன்னால் இளவரசி விழுந்து அழுதாள். யாரும் தடுக்கவில்லை. இனி அழலாமே.

அழுது ஓய்ந்த பிறகு அக்கா வீட்டுக்காரர் பச்சைமுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் மஸ்கட்டிலிருந்து வர வேண்டியிருந்ததால் மூன்று நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்களாம். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் எடுத்தார்களாம். அவர்கள் வகையறாவில் புதைப்பதுதான் வழக்கம். சொந்த நிலத்தில், மல்லாட்டைக் கொல்லை ஓரத்தில் குழி.

“குழியில எறக்கறதுக்கு முன்ன கட்டெல்லாம் அவுக்கணுமில்ல. கால் கட்டு அவுக்கப் போறேன், கட்டக் காணோம்மா. நான்தான் என் கையால கட்டுனேன். ரெண்டு முடிச்சு போட்டேன். எடுக்கற வரைக்கும் பொட்டி தொறக்கல, அப்புறமும் அத யாரும் தொடல. அங்க ஒரே கூச்சலாயிடுச்சி. தேடாத எடமில்ல.”

“மணி இன்னா இருக்கும் மாமா?”

“மூணு இருக்கும்.”

இளவரசி எழுந்து போய்ப் பையைத் திறந்தாள். வழியில் குனிந்து முகம் வைத்துக்கொள்ள என்று காரில் எடுத்து வந்திருந்த சும்மாடு. சுருளுக்குள் விரலை விட்டாள். இருந்தது. எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

பச்சைக் கரை போட்ட வேட்டித் துண்டு.

பச்சைமுத்து அதைத் தொடவில்லை. உள்ளே போய், கொடியில் கிடந்த வேட்டியை எடுத்து வந்தார். ஒரு மூலை கிழிந்திருந்தது. துண்டை அதன் பக்கத்தில் வைத்தார். இழைக்கு இழை சேர்ந்தது.

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அந்தத் துண்டையே பார்த்தார்கள். இளவரசி மட்டும் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். ஊர் கூட்டும் குரல். மூன்று நாளும் வெறும் ம்.

“மாமா... வாய்க்கட்டு அவுத்தீங்களா?”

பச்சைமுத்து மகனைப் பார்த்தார். மகன் அவரைப் பார்த்தான். தாடையைச் சேர்த்துத் தலையோடு கட்டிய துணி. கால் கட்டைத் தேடிய களேபரத்தில்...

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இளவரசி இப்போது ரவிக்கைக்கு ஊசி கோக்கிறாள், பஸ் போர்டு படிக்கிறாள். டாக்டர் மெச்சிய கண். ஆனால் மத்தியானம் மூன்று மணி ஆனால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக் குனிந்துகொள்கிறாள். போன வாரம் நான் போனபோதும் அப்படித்தான் இருந்தாள். ஏம்மா இன்னும் இந்தப் பழக்கம் என்று கேட்டேன்.

அவள் நிமிராமலே சொன்னாள்.

“தெனமும் வருதுண்ணே. இப்ப நல்லா நடந்து வருது. எதுர்ல வந்து நின்னுக்கினு ம், ம்முன்னு கேக்குது. அந்த முடிச்சயும் என்னியதான் அவுக்கச் சொல்லுது.”

“அவுத்து உட்டுட வேண்டியதுதானம்மா.”

“அதுக்கு நிமுந்து அது மூஞ்சப் பாக்கணுமேண்ணே.”